தண்ணீர் குடிக்கச் சொன்ன வகுப்பு

விடிகிற நேரத்திலேயே சரக்குக் கிட்டங்கி முற்றத்தில் புழுதி எழுந்துவிடும். மூட்டையை அவிழ்த்துக் கொட்டினால் சுக்கு சரளைக்கல்போலச் சடசடவென்று இறங்கும். பெரிய சல்லடையில் அள்ளிப்போட்டு, எதிரும் புதிருமாக நின்று இரண்டு பேர் ஆட்ட வேண்டும். தோள்பட்டை கழன்று விழும்வரை ஆட்ட வேண்டும். வெளுப்பாக இருந்தால்தான் வெளிநாட்டில் விலைபோகும் என்று சுக்குக்குச் சுண்ணாம்பு பூசியிருப்பார்கள். அது சுக்கில் ஒட்டுவதைவிட ஆட்டுகிறவர்கள்மேல் நன்றாக ஒட்டும். வெயில் ஏறுவதற்குள் மாயம்மாளுக்குப் புருவம் நரைத்துவிடும்.

தொண்டைக்குள் சுண்ணாம்பு, மூக்குக்குள் காரம். ஆனாலும் அங்கே எந்தப் பெண்ணும் தண்ணீர் குடிப்பதில்லை. உதட்டை நனைத்துக்கொள்வதோடு சரி. காலையில் வீட்டில் போய்விட்டு வந்தால் மறுபடி சாயங்காலம் வீட்டில்தான். கிட்டங்கியின் பின்பக்கம் கக்கூஸ் கிடையாது.

முன்பக்கம் உண்டு. மட்டாஞ்சேரித் தெருவைப் பார்த்தபடி முதலாளி ஒரு ஷோரூம் வைத்திருந்தார். வெலிங்டன் தீவில் கப்பல் வந்து நின்றால் வெள்ளைக்காரர்கள் வேனில் வந்து இறங்கி ஏலக்காயை முகர்ந்து பார்ப்பார்கள். அவர்களுக்காகக் கட்டிய கக்கூஸில் பளிங்குத் தரை, ஆளுயரக் கண்ணாடி, ஒரு பிளாஸ்டிக் பூச்செடி. அதன் சாவி, மேஸ்திரி தங்கதுரையின் இடுப்பில் தொங்கும். பின்பக்கத்துப் பெண்களுக்கும் மூத்திரம் வரும் என்ற தகவலை முதலாளியிடம் இதுவரை யாரும் தெரிவிக்கவில்லை போலும்.

முதலாளி நீலகண்டன் தொழிலாளர் நலனில் அக்கறை உள்ளவர். பக்கத்து ஆஸ்பத்திரியில் ஆரோக்கிய வகுப்பும் இலவசப் பரிசோதனையும் நடந்தபோது அத்தனை பெண்களையும் அவரே அனுப்பிவைத்தார். சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி, தொழிலாளர் நலம் பேணுவதற்கு ஆதாரமாகப் போட்டோ கேட்டிருந்தது. முதலாளி முன்வரிசையில் உட்கார்ந்தார். எல்லோருக்கும் தின்னப் பழம்பொரி வாங்கிக் கொடுத்தார். இதற்குமேல் ஒரு மனிதனிடம் என்ன எதிர்பார்க்க முடியும்?

ஷீபா சிஸ்டர் மலையாளத்தில் பேசினார். மட்டாஞ்சேரியிலேயே பிறந்து வளர்ந்த ரபியாவும் சல்லடை ஆட்டுகிறவள்தான்; தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்த மற்றவர்களுக்கு அவள் அதைத் தமிழில் சொன்னாள். மணிக்கொரு தடவை தண்ணீர் குடிக்க வேண்டும். மூத்திரத்தை அடக்கக் கூடாது. அடக்கினால் கிருமி மேலேறிக் கிட்னியைத் தின்றுவிடும். சிஸ்டர் கிட்னிப் படத்தையும் காட்டினார். கடைசியில் முதலாளி எழுந்து, சிஸ்டர் சொன்னதை எல்லோரும் அப்படியே செய்ய வேண்டும், செய்கிறீர்களா என்று நானே பார்ப்பேன் என்றார். தங்கதுரை முதலில் கைதட்டினான். பிறகு எல்லோரும் தட்டினார்கள்.

பரிசோதனையில் இசக்கிசெல்வியின் முறை வந்தது. கொஞ்ச காலமாகவே அவளுக்கு அடிவயிற்றில் வலி, சாயங்காலமானால் காய்ச்சல். ஸ்கேன் எடுக்க மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும் என்று ஒரு பாட்டில் தண்ணீரைக் கையில் கொடுத்து உட்காரவைத்தார்கள். அவள் மூடியைத் திறக்கவே இல்லை. ஏன் என்று மாயம்மாள் கேட்டாள்.

"கக்கூசு எங்கன இருக்குன்னு கேளுங்கக்கா. அது தெரியாம எப்படிக் குடிக்கது?"

சிஸ்டர் எதிரிலிருந்த கதவைக் காட்டினார். இசக்கிசெல்வி எழுந்துபோய்க் கதவைத் திறந்து பார்த்தாள். தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள். திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான் பாட்டிலை வாயில் வைத்தாள்.

ஒரு பக்கத்துக் கிட்னி வீங்கியிருந்தது. மாத்திரை கொடுத்தார் டாக்டர். இனியும் அடக்கினால் அந்தக் கிட்னி போய்விடும் என்றார்.

மறுநாள் காலையில் கிட்டங்கி வாசலிலேயே தங்கதுரை அவளை மறித்தான். சுகமில்லாத பெண்ணை வேலை வாங்கினால் முதலாளிக்குத்தான் கெட்ட பெயராம். கூப்பிடும்போது வந்தால் போதுமாம். எப்போது கூப்பிடுவார் என்று கேட்டதற்கு அவன் வானத்தைப் பார்த்தான். முதலாளியின் அக்கறை இப்படி மறுபடியும் வெளிப்பட்டது. இசக்கிசெல்வி தூக்குவாளியோடு எதிர்ச் சுவரோரம் போய் நின்றாள். வீட்டுக்குப் போகத் தோன்றவில்லை.

உள்ளே வெயில் ஏறும்வரை ஆடிய சல்லடை நின்றுபோயிற்று.

"ஸ்கேன் பாத்தா நம்ம எல்லாருக்கும் அதுதான் இருக்கும். ஒவ்வொரு ஆளா வெளிய நிறுத்துவாங்க," என்றாள் ரபியா.

மூக்கம்மாளுக்குப் பயம். சண்டை போட்டால் இருக்கிற வேலையும் போகும், ஊரில் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று முணுமுணுத்தாள்.

"சண்டை எதுக்குட்டீ? மொதலாளி சொன்னதச் செய்வோம்," என்றாள் மாயம்மாள். குழாயில் ஒரு செம்பு பிடித்து அண்ணாந்து மடமடவென்று குடித்துவிட்டுச் செம்பை நீட்டினாள். செம்பு கைமாறிக் கைமாறிப் போயிற்று. மூக்கம்மாளும் குடித்தாள், கண்ணை மூடிக்கொண்டு.

கப்பல்காரர்கள் வேனிலிருந்து இறங்கிய நேரத்தில் ஷோரூம் கக்கூஸின் பூட்டிய கதவுக்கு முன்னால் வரிசை நின்றது. தலைமுதல் கால்வரை சுண்ணாம்பு பூசிய பெண்களின் வரிசை. அது சுவர்வரை போய் வளைந்து, மிளகுப் பாக்கெட்டுகள் அடுக்கிய மேசைவரைக்கும் நீண்டது. வயதான வெள்ளைக்கார அம்மாள் ஒருத்தி வந்து பார்த்தாள். வேறு வரிசை இல்லை என்று தெரிந்ததும் மூக்கம்மாளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அவளுக்கும் அவசரம்.

நீலகண்டன் மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

"எந்தா இது?"

"வரிசை மொதலாளி," என்றாள் மாயம்மாள்.

"எதுக்கு?"

"ஆரோக்கியத்துக்கு."

"விளையாடுறியா? இது கஸ்டமருக்குள்ளது."

"சிஸ்டர் சொன்னத அப்படியே செய்யணும்னு நீங்கதான எந்திரிச்சு நின்னு சொன்னீய. நாங்க கையெல்லாம் தட்டினமே."

முதலாளி குரலைத் தாழ்த்தினார். வெள்ளைக்காரர்களுக்கு முன்னால் அவர் எப்போதும் தாழ்ந்த குரலில்தான் கோபப்படுவார். "நாளைக்கு வைட்டிலா பஸ் ஸ்டாண்டுல போய் நின்னா வண்டி நிறைய ஆள் அள்ளிட்டு வருவேன். நீங்க ஒருத்தியும் வேண்டாம்."

"கூட்டிட்டு வாங்க," என்றாள் ரபியா. "அவங்களுக்கும் வரும்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். முதலாளி தங்கதுரையின் இடுப்பிலிருந்து சாவியைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இனி இந்தக் கதவு யாருக்கும் திறக்காது என்றார். வெள்ளைக்கார அம்மாள் ஏதோ கேட்டாள். அதை யாரும் மொழிபெயர்க்கவில்லை. அவள் முகம் சிவந்து வேனுக்குத் திரும்ப, மற்றவர்களும் ஏலக்காயை வைத்துவிட்டுப் பின்னால் போனார்கள். முதலாளி அன்றைக்குச் செய்த கடைசி நலப்பணி, பின்பக்கத்துக் குழாயை அடைக்கச் சொன்னது.

பெண்கள் சல்லடைக்குத் திரும்பவில்லை. பின்பக்கம் கக்கூஸ் கட்ட வேண்டும், இசக்கிசெல்வி உள்ளே வர வேண்டும், அதுவரை சுக்கு அதுபாட்டுக்குக் கிடக்கட்டும் என்று மாயம்மாள் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். ஆனால் குடித்த தண்ணீர் நிற்குமா? வீடு தொலைவு; பக்கத்தில் அவர்களுக்குத் தெரிந்த கக்கூஸ் ஒன்றுதான். இசக்கிசெல்வியையும் சேர்த்துக்கொண்டு அத்தனை பேரும் ஆஸ்பத்திரிக்கு வேகவேகமாக நடந்தார்கள்.

வராந்தாவில் வெள்ளை வரிசையைக் கண்டு ஷீபா சிஸ்டர் திகைத்து நின்றார். ரபியா எல்லாவற்றையும் சொன்னாள். சிஸ்டர் கேட்டது ஒரே கேள்வி: அங்கே ஒன்றுகூட இல்லையா? இல்லை என்றாள். சிஸ்டர் சுவரிலிருந்த கிட்னிப் படத்தைக் கழற்றிச் சுருட்டினார். பிறகு, அடுத்த வகுப்பு நாளை காலை உங்கள் கிட்டங்கி வாசலில் என்றார்.

மறுநாள் விடிந்தபோது கிட்டங்கிக் கதவில் பூட்டுத் தொங்கியது. பெண்கள் அதன் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர் வீட்டிலிருந்தே வந்திருந்தது. அடுத்த தெரு மிளகுக் கிட்டங்கிப் பெண்களும் வந்து நெருக்கி உட்கார்ந்தார்கள். அங்கேயும் கக்கூஸ் இல்லையாம். லாரியில் மூட்டை ஏற்ற வந்த சுமட்டுக்காரச் சேட்டன்மார் தலைத்துண்டை அவிழ்த்து உதறிவிட்டு, கிளாஸ் முடியட்டும் என்று ஓரமாகக் குந்தினார்கள். சிஸ்டர் கிட்னிப் படத்தைக் கிட்டங்கிக் கதவில், பூட்டுக்கு மேலேயே மாட்டினார்.

காரிலிருந்து இறங்கிய நீலகண்டன் படத்தையும் கூட்டத்தையும் பார்த்தார். போலீஸைக் கூப்பிடுவேன் என்றார். கூப்பிடுங்கள், அவர்களும் படித்துக்கொள்ளட்டும் என்றார் சிஸ்டர்.

இசக்கிசெல்வி முன்வரிசையில் எழுந்து நின்றாள். பாட்டில் மூடியைத் திருகினாள். பூட்டிய கதவை ஒருமுறை பார்த்தாள், முதலாளியின் சட்டைப்பையை ஒருமுறை பார்த்தாள். பிறகு அண்ணாந்து, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கடைசிச் சொட்டுவரை குடித்தாள். மூக்கம்மாள் தன் பாட்டிலையும் திறந்து அவளிடம் நீட்டினாள்.

எங்கே போவது என்பது இன்னும் முடிவாகவில்லை. குடித்தாகிவிட்டது.