மாமனாருக்கு ஒரு முன்சீட்டு

அந்தக் குடும்பத்தில் பல் டாக்டருக்குச் ‘சின்ன மாப்பிள்ளை’ என்று பெயர். வயதில் அவர்தான் மூத்தவர். நரையும் தொந்தியும் அவருக்குத்தான் முதலில் வந்து சேர்ந்தன. இருந்தாலும் இளைய மகளைக் கட்டிக்கொண்டவர் என்பதால், அவருக்கு வயதில் இளையவனான மெத்தைக் கடைக்காரன் பெரிய மாப்பிள்ளையாகிவிட்டான். மாமனார் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். எந்த ரயிலை முதலில் விட வேண்டும், எதை ஓரங்கட்ட வேண்டும் என்பதைக் காலமெல்லாம் தீர்மானித்த மனிதர். மாப்பிள்ளைகளையும் அவர் அப்படித்தான் வைத்திருக்கிறார் என்பது டாக்டரின் தீராத சந்தேகம்.

மெத்தைக்காரனை மனசுக்குள் ‘அவன்’ என்பார். நேரில் கண்டால் “வாங்க சகலை” என்று வாய் நிறையச் சிரிப்பார். கடைவாய்ப் பல் வரைக்கும் தெரியும் தொழில்முறைச் சிரிப்பு.

அவன் நீல நிறத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினான். கொஞ்ச நாளிலேயே டாக்டர் மஞ்சள் நிறத்தில் ஒன்று வாங்கினார். “நான் ரொம்ப வருஷமா யோசிச்சிட்டிருந்தது” என்று நோயாளிகளிடமெல்லாம் சொன்னார். அவர்கள் வாயில் குழாயும் பஞ்சும் இருந்ததால் யாரும் மறுத்துப் பேசவில்லை. பிறகு அவன் காரை ஏற்றிப் போக ஒரு திறந்த டிரெய்லரும், அதை இழுக்க ஒரு டிரக்கும் வாங்கினான். அதோடு டாக்டருக்குத் தூக்கம் போயிற்று.

ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தில் வருஷத்துக்கு ஒருமுறை ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்கள் கூடுவார்கள். காரைத் துடைத்து நிறுத்திவிட்டு, அடுத்தவர் காரைப் பார்த்து “பிரமாதம்” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லும் நாள் அது. போன வருஷம் மாமனார் அவன் டிரக்கின் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். டாக்டர் தன் காரை ஓட்டியபடி பின்னாலேயே போனார். வழி நெடுக அவர் கண்ணில் பட்டது டிரக்கின் பின்கண்ணாடி வழியே தெரிந்த மாமனாரின் வழுக்கைத் தலைதான். அந்தத் தலை அடிக்கடி அவன் பக்கம் திரும்பியது, குலுங்கியது. சிரிப்பு! டாக்டரின் கல்யாணத்துக்குப் பிறகு அந்தத் தலை அவருக்காக ஒருநாளும் குலுங்கியதில்லை.

“அப்படி என்ன ஜோக் சொன்னான் அவன்?” என்று அன்று கேட்டவர், ஒரு வருஷமாகியும் மனைவியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“எனக்கென்னங்க தெரியும்? நான் உங்க பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்.”

“உங்கக்காகிட்ட கேட்டியா?”

“அப்பாவுக்கு விக்கல் வந்திருக்கும், விடுங்க.”

இந்த வருஷத்துக் கூட்டம் நெருங்கியபோது மாமனார் பொதுவாக ஒரு வார்த்தை சொன்னார்: “எந்த வண்டி வசதியோ அதுல வரேன் மாப்பிள்ளை.” எந்த மாப்பிள்ளையைப் பார்த்துச் சொன்னார் என்பது தெளிவாக இல்லை. டாக்டர் தன்னைப் பார்த்துத்தான் என்று எடுத்துக்கொண்டார்.

மறுநாளே மூடிய டிரெய்லர் வாங்குவதென்று முடிவாயிற்று. திறந்த டிரெய்லரில் தூசி, மழை, பறவை எச்சம். மூடியது என்றால் காருக்கே ஒரு வீடு. முதலில் எதிரியின் பலம் தெரிய வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சகலை வீட்டுக்குப் போன டாக்டர், எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து வாசலுக்கு நழுவினார். அளவுநாடா கொண்டுபோனால் மானம் போய்விடும். சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் பல்லிடுக்கு நூலை இழுத்து, டிரெய்லரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பிடித்து, முடிச்சுப் போட்டு, பல்லால் கடித்து அறுத்தார். நிமிர்ந்தால் ஜன்னலில் மனைவியின் அக்கா.

“என்ன டாக்டர், அதுக்கும் சொத்தையா?”

“சும்மா, சக்கரம் பாத்தேன்” என்றார் டாக்டர். வாயில் புதினா வாசனையோடு நூல் தொங்கிக்கொண்டிருந்தது.

டிரெய்லர் விற்கும் இடம் ஒரு பெரிய தகரக் கொட்டகை. உள்ளே வெள்ளையும் கறுப்புமாக அலுமினியப் பெட்டிகள் வரிசை கட்டி நின்றன. விற்பனைப் பெண்மணி வாயில் மிட்டாயோடு பேசினாள். விலை கூடிய பெட்டியின் பக்கம் வாடிக்கையாளரை நடத்திக்கொண்டே போகும் சாமர்த்தியம் அவளிடம் இருந்தது.

“கார் என்ன கனம் சார்?”

டாக்டர் நூலை எடுத்து நீட்டினார். “இதைவிட நீளமா வேணும்.”

அவள் நூலைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள், மிட்டாயைக் கன்னத்துக்கு மாற்றிக்கொண்டாள். “நீளம் பிரச்சனை இல்ல சார். கனம் எங்க விழுதுன்னுதான் பாக்கணும். காரோட கனம் சக்கரத்துக்குக் கொஞ்சம் முன்னால விழணும். பின்னால போச்சுன்னா டிரெய்லர் வாலை ஆட்டும். வால் ஆடினா டிரக்கும் ஆடும்.”

“சகலை டிரெய்லர் ஆடுதா?”

“அவர் யாரு சார்?”

“சொல்றேன்ல, ஆடாதுல்ல? அப்ப இதுவும் ஆடக் கூடாது.”

டாக்டரின் மனைவி ஒரு பெட்டிக்குள் நுழைந்து எட்டிப் பார்த்தாள். சக்கரங்களை மூடிய இரண்டு பெட்டிகள் இரு பக்கச் சுவரிலும் முழங்கால் உயரத்துக்குப் புடைத்துக்கொண்டிருந்தன. “கார் நடுவுல நின்னா கதவு இதுல இடிக்குமே. எப்படிங்க இறங்குவீங்க?”

“அதுக்குத்தாம்மா பக்கச் சுவர்ல தனிக் கதவு” என்றாள் விற்பனைக்காரி. “சுவரே அந்த இடத்துல மேல தூக்கிக்கும். கார் கதவை முழுசா திறந்து இறங்கிக்கலாம். இல்லன்னா ஒரு விஞ்ச் போட்டுடலாம். ஆளே ஏற வேண்டாம், கம்பி காரை உள்ள இழுத்துக்கும்.”

கம்பி கட்டி இழுப்பதா? பழுதாகி நடுரோட்டில் நின்ற வண்டியைத்தான் அப்படி இழுப்பார்கள். மாமனார் கண் முன்னால், எஞ்சின் உறுமலோடு, தானே ஓட்டி ஏற்றுவதாகத்தான் டாக்டர் கனவு கண்டிருந்தார். விஞ்ச் வேண்டாம் என்றார். பக்கக் கதவுக்குச் சரி என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் நெஞ்சில் சுருக்கென்று ஒன்று குத்தியது. மூடிய டிரெய்லருக்குள் போனால் காரை யார் பார்ப்பார்கள்? அவன் கார் வழி நெடுக ஊர்வலம் போகும். தெருவில் நிற்பவர்கள் கைகாட்டுவார்கள். தன் காரோ ஐஸ்கிரீம் மாதிரி பெட்டிக்குள் அடைந்து போகும்.

கொஞ்ச நேரம் கொட்டகையின் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முகம் மலர்ந்தது.

“வெளிச் சுவர்ல படம் வரையலாமா? என் கார் படம். முழுச் சுவருக்கும்.”

“தாராளமா சார். ஆனா கதவு வர்ற இடத்துல படம் வெட்டுப்படும். கரெக்டா ஸ்டியரிங் பக்கத்துல கோடு விழும்.”

“அப்ப கதவு வேண்டாம்.”

“இறங்கறது?” என்றாள் மனைவி.

“என்னைப் பாத்தா ஒரு காரை விட்டு இறங்கத் தெரியாதவன் மாதிரியா இருக்கு?”

இரண்டு பெண்களும் அவர் முகத்தைத்தான் பார்க்க நினைத்தார்கள். பார்வை கொஞ்சம் கீழே தங்கிவிட்டது. விற்பனைக்காரி சட்டென்று “உங்க இஷ்டம் சார்” என்று சொல்லிப் பக்கக் கதவை விலையிலிருந்து கழித்தாள். உள்ளே நீல விளக்கையும் கறுப்புத் தரைவிரிப்பையும் விலையில் கூட்டினாள்.

டிரக் விஷயத்தில் டாக்டர் அவ்வளவு யோசிக்கவில்லை. அவனுடையதைவிட உயரமாக இருந்தால் போதும். வந்து சேர்ந்த டிரக்கில் ஏறுவதற்கே ஒரு மடிப்புப் படி தேவைப்பட்டது. டாக்டர் முன்சீட்டில் மாமனாருக்காக ஒரு குஷனும் வாங்கிப் போட்டார். வாங்கிய பிறகுதான் அது அவன் கடைத் தயாரிப்பு என்று தெரிந்தது. லேபிளைக் கத்தரித்து எறிந்தார்.

படம் வரைகிறவர் சொன்ன தேதியில் முடிக்கவில்லை. கூட்டத்தன்று காலையில்தான் டிரெய்லர் பெயின்ட் வாசனையோடு டாக்டர் வீட்டுக்கு வந்தது. காரை அதில் ஒருமுறை ஏற்றிப் பார்க்கக்கூட நேரமில்லை. ஆனால் படம்! இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை மஞ்சள் கார் சீறிப் பாய்ந்தது. நிஜக் காரைவிடப் படத்தில் இன்னும் ஒரு புகைக்குழாய் கூடுதலாக இருந்தது. டாக்டர் அதைத் திருத்தச் சொல்லவில்லை.

சகலை குடும்பமும் மாமனாரும் புறப்பட்டு டாக்டர் தெருவுக்கே வந்து சேர்ந்தார்கள். டாக்டரின் டிரக்கும் டிரெய்லரும் தெருவை முழுசாக அடைத்து நின்றதால் சகலையின் வண்டி பின்னாலேயே நின்றுவிட்டது. மாமனார் இறங்கி வந்து இரண்டு ஏற்பாடுகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏன் மாப்பிள்ளை, இந்தக் காருங்கல்லாம் ஓடும்தானே?”

“நல்லா ஓடும் மாமா.”

“அப்ப ஓட்டிக்கிட்டே போலாமே. எதுக்கு இன்னொரு வண்டி?”

இரண்டு மாப்பிள்ளைகளும் கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக ஒருவரையொருவர் பரிதாபத்தோடு பார்த்துக்கொண்டார்கள். கிழவருக்குச் சொல்லி விளங்க வைக்கிற விஷயமா இது?

“முன்சீட் உங்களுக்குத்தான் மாமா. குஷன் போட்டிருக்கேன்” என்றார் டாக்டர்.

மாமனார் குஷனை எட்டிப் பார்த்தார். தலையாட்டினார். “வசதியாத்தான் இருக்கு. சரி, ஏத்துங்க. சீக்கிரம் கிளம்பணும்.”

டாக்டருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஓரக்கண்ணால் பார்த்தார், அவன் முகம் தொங்கிவிட்டது போல்தான் இருந்தது. டிரெய்லரின் பின்கதவை இறக்கி, மஞ்சள் காரில் நுழைந்து, தேவைக்கு மேல் இரண்டு தடவை உறும வைத்து, விறுவிறுவென்று உள்ளே ஏற்றினார். நீல விளக்கு எரிந்தது. கறுப்பு விரிப்பில் சக்கரம் மெத்தென்று நின்றது. எஞ்சினை அணைத்தார். கம்பீரமாகக் கதவைத் திறந்தார்.

டங் என்றது.

கதவு ஒரு கை நுழையும் அளவுக்குத் திறந்து சக்கரப் பெட்டியில் முட்டி நின்றது. அந்தப் பக்கம் முயன்றார். அதே டங். ஜன்னல் வழியாக இறங்கிப் பார்க்கலாம் என்று தலையையும் ஒரு தோளையும் வெளியே விட்டார். அதற்கு மேல் எதிரே அலுமினியச் சுவர், பின்னால் தொந்தி. உள்ளே திரும்பும்போது தொந்தி ஹாரனை அழுத்தியது. தெருவே திரும்பிப் பார்த்தது.

“என்னாச்சுங்க?” என்று பின்னாலிருந்து மனைவியின் குரல்.

“ஒண்ணுமில்ல. உள்ள எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துட்டிருக்கேன்.”

“பின்னாலயே எடுத்து வெளிய வந்துருங்களேன்.”

வரலாம்தான். வந்தால் அவன் சிரிப்பான்; அதைவிட மோசம், மாமனாரும் சேர்ந்து சிரிப்பார். அந்த வழுக்கை மறுபடி குலுங்கும். டாக்டர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “இருங்க, இருங்க, ஒரு யோசனை பண்றேன்.”

பின்பார்க்கும் கண்ணாடியில் டிரெய்லரின் வாய் ஒரு சின்னச் சதுர வெளிச்சமாகத் தெரிந்தது. அதில் மாமனார் கைக்கடிகாரத்தைப் பார்ப்பது தெரிந்தது. மறுபடியும் பார்ப்பது தெரிந்தது. மகள்கள் இருவரும் காதோடு காது பேசினார்கள். அப்புறம் கார் ஷெட்டிலிருந்து மனைவியின் பழைய சின்னக் கார், காய்கறிக் கடைக்குப் போகிற கார், மெல்ல வெளியே வந்தது. மாமனார் முன்சீட்டில் ஏறினார். அக்கா பின்னால். தங்கை ஓட்டினாள்.

“நீங்க ரெண்டு பேரும் நிதானமா வாங்க மாப்பிள்ளை! நாங்க இடம் பிடிச்சு வைக்கிறோம்!”

சகலையின் வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் நுழைந்து, சதுர வெளிச்சத்திலிருந்து சின்னக் கார் மறைந்தது. மறையும் முன் மாமனாரின் தலை தங்கையின் பக்கம் திரும்பியது, நிச்சயமாகக் குலுங்கியது.

சகலை மட்டும் மிச்சம். முன்னால் தெரு அடைபட்டிருந்ததாலும், டிரெய்லரோடு பின்னால் எடுக்க வழியில்லாததாலும் அவனாலும் நகர முடியாது. வந்து டிரெய்லரின் இறக்கிய கதவில் உட்கார்ந்தான். சிரிக்கப் போகிறான் என்று டாக்டர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

“படம் நல்லாருக்கு சகலை” என்றான் அவன்.

குத்தலா? டாக்டர் கண்ணாடியில் அவனை உற்றுப் பார்த்தார்.

“நிஜமாத்தான் சொல்றேன். எனக்கு இதெல்லாம் தோணவே தோணாது. மெத்தை விக்கிறவன் புத்தி அவ்வளவுதான்.”

“ஏன், உங்களுக்கென்ன குறைச்சல்? போன வருஷம் மாமா உங்க வண்டியில வயிறு வலிக்கச் சிரிச்சிட்டு வந்தாரே.”

“சிரிச்சாரா? அதை ஏன் கேக்கறீங்க.” சகலை ஒரு பெருமூச்சு விட்டான். “வழி பூரா உங்க பேச்சுதான். நீங்க யாரோ ஒருத்தருக்குத் தப்பான பல்லைப் புடுங்கப் பாத்தீங்களாம், அவர் வாயை மூடிக்கிட்டே ஓடிட்டாராம். அதைச் சொல்லிச் சொல்லி அவரே சிரிக்கிறாரு. நான் சொன்ன ஒரு ஜோக்குக்குக்கூடச் சிரிக்கல. எங்க வீட்டுக்கு வந்தாலும் இதே கதைதான். ‘சின்ன மாப்பிள்ளை படிச்சவர், சின்ன மாப்பிள்ளை கைராசிக்காரர்.’ என் மெத்தையில படுத்துக்கிட்டே சொல்லுவாரு. எனக்கு எப்படி இருக்கும்? அந்தப் பாழாப்போன காரை நான் எதுக்கு வாங்கினேன்னு நினைச்சீங்க? உங்களுக்கு இல்லாத ஒண்ணு எனக்கு இருக்கட்டுமேன்னுதான். அடுத்த மாசமே நீங்களும் வாங்கிட்டு வந்து நிக்கிறீங்க.”

டிரெய்லருக்குள் நீல விளக்கு மெல்ல ரீங்கரித்தது. டாக்டர் இருக்கையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துக்கொண்டார், காலை நீட்டினார். வெளியே வர வேண்டிய அவசரம் எதுவும் அவருக்கு இப்போது தெரியவில்லை.

“சகலை” என்று கூப்பிட்டார்.

“சொல்லுங்க.”

“கடைசியா என்னமோ சொன்னீங்களே, மாமா என்னைப் பத்தி. எஞ்சின் சத்தத்துல சரியா கேக்கல. முதல்லேர்ந்து இன்னொரு தடவை சொல்லுங்க.”

எஞ்சின் அணைந்து வெகு நேரமாகியிருந்தது.