அழுதது யார்

1996 மார்ச்சில் அனந்தராமனின் சவப்பெட்டியோடு மூன்று தாள்கள் வந்து சேர்ந்தன. அவர் ஆகுர்டியில் பாறை துளைக்கும் இயந்திரங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். போலந்துக்காரர்களோடு சேர்ந்து செய்த ஒரு சுரங்க வேலைக்காக மங்கோலியா போனவர், பனிப்புயலில் ஜீப் புதைந்து, பதினெட்டு மணி நேரம் உள்ளே கிடந்து இறந்துபோனார். உயிர் பிழைத்த டிரைவரின் வாக்குமூலம்தான் அந்தத் தாள்கள். ஒன்று மங்கோலிய மொழியில், ஒன்று போலிஷில், ஒன்று ஆங்கிலத்தில்.

ஆங்கிலத் தாளைக் கம்பெனி அதிகாரி ஹாலில் உறவினர்கள் அத்தனை பேர் முன்னாலும் படித்துக் காட்டினார். அதன்படி அனந்தராமன் அழுதார், டிரைவரிடம் கோட்டைக் கொடுக்கச் சொல்லிக் கெஞ்சினார், விட்டுப் போகாதே என்று கத்தினார், பிறகு இறந்தார். அனந்தராமனின் தம்பி விஸ்வேஸ்வரன் பாதியில் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டான்.

அன்றிலிருந்து அனந்தராமனின் மனைவி பட்டுவுக்கு அந்த அழுகை கேட்கத் தொடங்கியது. பத்து வருஷம் சேர்ந்து வாழ்ந்தும் அவர் அழுது அவள் கேட்டதில்லை. அதனால் மனசு தானாகவே ஒரு குரலைச் செய்துகொண்டது. குக்கரின் ஆவி அடங்கும்போது கேட்கும். லோக்கல் ரயில் பிம்ப்ரியில் நின்று கிளம்பும்போது கேட்கும். ஃப்ரிட்ஜைத் திறந்தால் முகத்தில் படும் குளிருக்குக் கண்ணை மூடிக்கொள்வாள். கோட்டைக் கொடுக்காத அந்த டிரைவரை மனதுக்குள் சபித்துக்கொண்டே இருந்தாள்.

ஐந்து வருஷம் இப்படிப் போனது. சிவாஜிநகரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் பட்டு வேலைக்குச் சேர்ந்திருந்தாள். 2001 ஜூலையில் ஒயுனா என்ற மங்கோலிய மாணவி சேர்க்கைக்கு வந்து தன் சான்றிதழ்களை மேஜைமேல் வைத்தாள். அந்த எழுத்துகளைப் பார்த்ததும் பட்டுவின் கை நின்றுவிட்டது. மறுநாள் வீட்டிலிருந்து தாள்களைக் கொண்டுவந்து, இதைப் படித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டாள்.

ஒயுனா இரண்டு தரம் படித்தாள். ஆங்கிலத் தாளையும் பார்த்தாள். இந்தியும் ஆங்கிலமும் கலந்து பேசினாள்.

"மேடம், யார் அழுதாங்கன்னு இதுல இல்லையே."

"இல்லைன்னா?"

"உய்ல்சன்னு இருக்கு. அழுதான், அழுதாள், அழுதேன், எல்லாத்துக்கும் எங்க பாஷைல அதே சொல்தான். ஜீப்ல மூணு பேர் இருந்திருக்காங்க. வழியில ஒரு ஆளை ஏத்திக்கிட்டதா டிரைவர் சொல்றார். அந்த ஆள் ஆணா பெண்ணான்னும் இதுல தெரியலை. இங்கிலீஷ்ல எழுதினவர் எல்லாத்தையும் செத்துப்போனவர் தலையில போட்டுட்டார்."

பட்டு ஐந்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த அழுகைக்குத் திடீரென்று ஆள் இல்லாமல் போயிற்று. அது இன்னும் பயமாக இருந்தது.

"போலிஷ் தாள்ல இருக்கலாம் மேடம். டிரைவர் பக்கத்துலயே உட்கார்ந்து, கேட்டுக் கேட்டு எழுதினதுன்னு எங்க பாஷைத் தாள்ல கீழே குறிப்பு இருக்கு."

போலிஷ் தெரிந்தவர் யாரும் அகப்படவில்லை. அயல்மொழித் துறை நூலகத்தில் ஓர் அகராதியும் பழைய இலக்கணப் புத்தகம் ஒன்றும் இருந்தன. சனிக்கிழமை மத்தியானங்களில் பட்டு அங்கே போய் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மங்கோலியச் சொற்களுக்கு ஒயுனா பொருள் எழுதிக் கொடுத்திருந்தாள். அவை தமிழைப் போலவே விகுதிமேல் விகுதியாக ஒட்டிக்கொண்டு போயின. ஆனால் ஆண் பெண் பார்க்கவில்லை. போலிஷ் வாயில் நுழையவே இல்லை. தாளில் இருக்கும் சொல்லை அகராதியில் தேடினால் கிடைக்காது, வேற்றுமைக்கு வேற்றுமை வால் மாறிவிடும். ஒரு சொல்லுக்கு ஒரு மணி நேரம் ஆனது.

ஏழாவது சனிக்கிழமை இறந்தகாலப் பாடத்துக்கு வந்தாள். ப்வகாவ் என்றால் அழுதான். ப்வகாவா என்றால் அழுதாள்.

தாளில் ப்வகாவா என்று இருந்தது.

விரலை வைத்து ஒவ்வொரு வினையாகப் பார்த்தாள். கெஞ்சியதற்கும் கத்தியதற்கும் கடைசியில் அந்த 'ஆ' இருந்தது. இரண்டு வினைகளில் மட்டும் இல்லை. கொடுத்தான். இறந்தான். டிரைவர் தன்னைச் சொல்லியிருந்தால் அது 'கொடுத்தேன்' என்று இருந்திருக்கும். கொடுத்தது எதை என்று அகராதியைப் புரட்டினாள். ஆட்டுத்தோல் கோட்டு.

அன்று வீட்டுக்கு வந்து மகள் தீப்தியிடம் சொன்னாள். அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது.

"அப்பா அழலையா?"

"அழலைடி. அழுதது வேற யாரோ ஒருத்தி. அவளுக்குத் தன் கோட்டைக் கழட்டிக் குடுத்திருக்கார்."

"பாப்ரே! அப்பா கிரேட் நா, அம்மா?"

பட்டுவுக்கு எங்கிருந்தோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என்ன கிரேட்? நீயும் நானும் இங்க இருக்கோம்னு அந்த மனுஷருக்கு ஞாபகம் வரலையா? நமக்காக அதைப் போட்டுண்டு இருந்திருக்கப்படாதா?"

அதன் பிறகும் அழுகை நிற்கவில்லை. இப்போது அது ஒரு பெண்ணின் குரலில் கேட்டது. பட்டு சமையலறையில் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். முகம் தெரியாத ஒருத்தி அனந்தராமனின் கோட்டுக்குள் உட்கார்ந்திருந்தாள்.

படிப்பு முடிந்து ஊருக்குத் திரும்பிய ஒயுனா, அந்த டிரைவரைத் தேடிப் பிடித்து, அவர் மூலம் அந்தப் பெண்ணையும் கண்டுபிடித்தாள். பெயர் சரன்துயா. 2004 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் உலான்பாதரிலிருந்து போன் செய்தார்கள்.

"அவர் ஏதாவது சொன்னாரான்னு கேளு" என்றாள் பட்டு.

அந்தப் பக்கம் நெடுநேரம் பேச்சு நடந்தது.

"நிறையப் பேசினாராம் மேடம். ஆனா அது ரஷ்யன் இல்லை, இங்கிலீஷும் இல்லை. இவங்களுக்கு ஒண்ணும் புரியலை. ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்ப வந்ததாம். அது ஞாபகம் இருக்குங்கறாங்க. கேளுங்க."

மூச்சுச் சத்தம் கேட்டது. பிறகு கரகரத்த ஒரு பெண் குரல் நிதானமாகச் சொன்னது.

"வந்துத்தா."

"இன்னொரு தரம் சொல்லச் சொல்லு."

"வந்துத்தா. வந்துத்தா."

பட்டு ரிசீவரை வைத்தாள். தீப்தி பக்கத்தில் வந்தாள்.

"என்னம்மா சொன்னா?"

"'வந்துட்டா'ன்னு சொன்னாராம்."

"யார் வந்துட்டா?"

"தெரியலையே. 'அவ வந்துட்டா'ன்னு என்னைச் சொன்னாரோ என்னவோ. காப்பாத்த அவா எல்லாரும் வந்துட்டான்னு நினைச்சிருக்கலாம். இல்லை, யாராவது வந்துட்டா பொழைச்சுக்கலாம்னு சொல்ல வந்தாரோ. மூணுக்கும் ஒரே வார்த்தைதானேடி."

மராத்தி பேசும் ஊரில் வளர்ந்த தீப்திக்கு அவ்வளவு தமிழ் பிடிபடவில்லை. அம்மாவின் தோளில் கையைப் போட்டுக்கொண்டாள்.

மறு வாரம் ஒயுனா மறுபடி கூப்பிட்டு, சரன்துயாவிடம் இன்னும் ஏதாவது கேட்க வேண்டுமா என்றாள்.

பட்டு சொன்னாள்: "அவர் குடுத்த கோட்டுல பொழைச்சவளாச்சே. அவளுக்குக் குழந்தைகள் இருக்கான்னு கேளு. இருந்தா பேர் என்னன்னு எழுதி அனுப்பு."