இடக்கையால் எழுதிய புனிதை

சகல புனிதர் திருநாளன்று கூடையிலிருந்து எடுக்கும் சீட்டை எழுதியவர் யார் என்று அந்தப் பங்கில் எவரும் கேட்பதில்லை, எழுதியவரும் சொல்வதில்லை. அப்படியொரு விதி இருப்பதாகக்கூட யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

மல்லசமுத்திரத்துக்குத் தெற்கே, மரவள்ளிக் காடுகளுக்கும் தறிப்பட்டறைகளுக்கும் நடுவே நிற்கும் அந்தச் சிறிய கோயிலில் அறுபத்திரண்டு குடும்பங்கள். ஆண்டுதோறும் நவம்பர் முதல் நாள் பூசை முடிந்ததும், வீட்டுக்கு ஒருவராகப் பீடத்தின் முன் வந்து, பனையோலைக் கூடைக்குள் கைவிட்டு ஒரு சீட்டை எடுப்பார்கள். அதில் ஒரு புனிதரின் பெயரும் அவரைப் பற்றி இரண்டு வரிகளும் இருக்கும். அடுத்த நவம்பர் வரை அவரே அந்த வீட்டின் பாதுகாவலர். வந்த சீட்டை மாற்றிக்கொள்ளும் வழக்கம் இல்லை. கூடைக்குள் போன பிறகு அது மனிதர் எழுதியது அல்ல.

எட்டு ஆண்டுகளாக அவற்றை எழுதிவந்தவள் சோபியா. திருச்செங்கோட்டில் ஒரு தனியார் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. பங்கின் பிள்ளைகளில் பாதிப்பேர் அவளிடம் படித்தவர்கள். விடைத்தாள்களில் அவள் எழுத்தைப் பார்த்துப் பழகிய வீடுகள் அவை. ஆகவே சீட்டுகளை இடக்கையால் எழுதினாள். கோணிக்கொண்டு விழும் அந்த எழுத்தை வானிலிருந்து வந்த சம்மனசின் எழுத்து என்று சொல்லிச் சிலர் கண்ணில் ஒற்றிக்கொள்வதை அவள் கடைசி வரிசையில் நின்று பார்த்திருக்கிறாள்.

அவளுக்கு முன்பு எழுதியவர்கள் அந்தோணியாரையும் செபஸ்தியாரையும் சவேரியாரையும் மூன்று நான்கு வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். சோபியா அதோடு நிற்கவில்லை. பழைய ஞான வாசக நூல்களிலும், பிறகு இணையத்திலும், யாரும் பெயர் சொல்லி அழைக்காத புனிதர்களைத் தேடினாள். வாழ்நாள் முழுவதும் ஒரே வீட்டில் வேலைக்காரியாக இருந்து, இன்று தொலைந்த சாவிகளுக்காக வேண்டப்படும் ஜீத்தாவைக் கண்டுபிடித்தாள். ஓய்வு நேரத்திலும் அறுக்கச் சொன்ன எசமானுக்கு முன்னால் தன் அரிவாளைக் காற்றில் தொங்கவிட்ட நோட்புர்காவைக் கண்டுபிடித்தாள். பனியில் விழுந்து, ஆயுள் முழுவதும் படுக்கையிலேயே கிடந்த லிட்வினாவைக் கண்டுபிடித்தாள். ஒவ்வொரு வாழ்விலும் கதையோடு ஒட்டாத ஒரு துண்டு துருத்திக்கொண்டு நிற்பதை அவள் கவனித்தாள். ஜீத்தாவுக்கும் சாவிக்கும் என்ன உறவு என்பது அவளுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. அந்தத் துருத்தலே அவர்கள் இருந்ததற்கு அடையாளம் என்று பின்னாளில் நினைத்தாள். அப்படி நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு ஒர்லீனாவின் நினைவு வந்தது.

ஒர்லீனா என்று ஒரு புனிதை கிடையாது.

சென்ற அக்டோபரின் கடைசி நாள், கூடையை வாங்கிப்போகக் கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றபோதுதான், புதிதாகத் தனிக்குடித்தனம் போன ஒரு வீட்டைக் கணக்கில் சேர்க்காதது அவளுக்குத் தெரிந்தது. ஒரு சீட்டு குறைந்தது. ஒரு அந்தோணியாரை எழுதியிருக்கலாம். பத்து நொடி வேலை. அந்தோணியார் எழுதுவது அவளுக்குக் கௌரவக் குறைவாக இருந்தது. இடக்கை தானாக நகர்ந்தது: “புனித ஒர்லீனா. கடல் கடந்துபோன கணவனுக்காக ஒன்பது மாதம் வாய் திறவாமல் காத்திருந்து அவனைத் திரும்பப் பெற்றவர். காத்திருப்போரின் பாதுகாவலி.”

அந்த ஆண்டு எழுதியவற்றில் அதுதான் மிக அழகாக அமைந்தது. எந்த இடத்திலும் துருத்தவில்லை.

சீட்டை எடுத்தவள் அந்தோணிமேரி. பட்டறையில் நூல் சுற்றுகிறவள். கணவன் சூசைமாணிக்கம் போர்வெல் வண்டியில் வேலை; வருடத்தில் எட்டு மாதம் வடக்கே சத்தீஸ்கர் பக்கம் துளை போடுகிறவன். பிப்ரவரித் தொடக்கத்தில், மகளை நர்சிங் படிக்க அனுப்புவது பற்றி இருவருக்கும் வாய்த்தகராறு முற்றி, “இனி நீயாக் கூப்புட்டாத்தான் இந்த ஊட்டுப் படி ஏறுவேன்” என்று சொல்லிவிட்டு வண்டியேறினான். அந்தோணிமேரி கூப்பிடவில்லை. சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மாதா படத்துக்குக் கீழே ஒட்டியிருந்தாள்.

மே மாதம் கோயில் வாசலில் அவளே சோபியாவிடம் சொன்னாள்.

“ஏனுங்க டீச்சர், ஒம்போது மாசமுன்னா நவம்பர் மொதத் தேதிக்குச் சரியா வருதுங்களா? எண்ணிப் பாத்தேன். அன்னிக்குத்தான் சீட்டும் மாறுது. எனக்குன்னே வந்தவங்கதான் இவிய.”

“நீங்க போன் பண்ணிப் பேசினா என்னங்க?”

“அவிய கூடப் பேசுனா வெரதம் கலைஞ்சு போகுமுங்களே.” அவள் சிரித்தாள். “மனுசனுக்கும் ரோசம் எறங்கோணுமில்லைங்க!”

சொல்லிவிடுவதற்கு அன்றே இடமிருந்தது. சோபியாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில், தான் எழுதிய வரி ஒரு பெண்ணின் வாழ்வுக்குள் இத்தனை கச்சிதமாகப் பொருந்தியதில் ஒரு சிறு மகிழ்ச்சியும் கலந்திருந்தது. பின்னர் அவள் தன்னை மன்னிக்க முடியாமல் போனது அந்த மகிழ்ச்சிக்காகத்தான்.

ஆடியில் மழைக்காக மற்ற வண்டிகள் திரும்பின. சூசைமாணிக்கம் வரவில்லை. செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை, அவனோடு ஒரே வண்டியில் ஓடிய டிரைவர் செங்கோடன் மட்டும் வந்தான். பட்டறை வாசலில் அவன் சொன்னது மாலைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ராய்ப்பூரில் குழாய் சரிந்து சூசையின் கால் நசுங்கிக் கிடக்கிறது. புண் சீழ் பிடித்துவிட்டது. செவ்வாய்க்கிழமைக்குள் அறுவை செய்யாவிட்டால் காலையே எடுக்க வேண்டியிருக்கும் என்கிறார்கள். அவனோ, பெண்டாட்டி கூப்பிடாமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடமாட்டேன் என்று பிடிவாதமாக இருக்கிறான்.

சனிக்கிழமை காலை சோபியா அந்த வீட்டுக்குப் போனாள். செங்கோடன் கதவருகே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

“வாங்க டீச்சர், நீங்களாச்சும் சொல்லுங்க. உங்க சாமிகளுக்கெல்லாம் போன் நம்பரு கெடையாதுங்களா? ஒரு ரிங் விட்டுப்போட்டுக் கட் பண்ணச் சொன்னேன். அதுவும் பேச்சுலதான் சேருமாம்!”

“எங்கண்ணன அனுப்பறேன்னு சொல்லீட்டேனில்ல” என்றாள் அந்தோணிமேரி. அழுது வீங்கிய முகம்.

“உங்கண்ணன் மூஞ்சியப் பாத்தா அவன் இன்னொரு காலையும் ஒடச்சுக்குவான், தாயி. அவன் கேக்கறது உன்ற குரலைத்தான்.”

“இத்தன நாள் இருந்துட்டு இப்ப வாயத் தொறந்தா, செஞ்சதெல்லாம் மண்ணாப் போயிருமுங்க. அவிய காலை ஒர்லீனாம்மா பாத்துக்குவாங்க.”

சோபியா சுவரைப் பார்த்தாள். உறைக்குள் தன் இடக்கை எழுத்து. அதன் கீழே ஒரு சிறு மெழுகுவர்த்தி.

“மேரியக்கா, அந்தப் புனிதையப் பத்தி நான் எல்லாப் புஸ்தகத்துலயும் தேடிட்டேன். எங்கயுமே இல்லீங்க.”

“தேடுனாக் கெடைக்காதவிய நம்மளத் தேடி வந்திருக்காங்க.”

“யாரோ ஒரு ஆளு எழுதினதுதானுங்களே சீட்டு, தப்பாக்கூட…”

அந்தோணிமேரி சட்டென்று இரு காதுகளையும் பொத்திக்கொண்டாள். “அதையெல்லாம் பேசப்படாதுங்க டீச்சர். நீங்களே இப்படிச் சொல்லலாமுங்களா?”

சோபியா எழுந்தாள். விதி காப்பாற்றியது அந்தோணிமேரியையா தன்னையா என்று வழியெல்லாம் யோசித்தாள். விடை தெரிந்தே இருந்தது.

மாலையில் கோயிலில், பாவமன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் முழந்தாளிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அந்தோணியாரை எழுதக் கூசியதையும் விடவில்லை.

“கடவுள் மன்னிக்கறார். அதுல உங்களுக்குச் சந்தேகம் வேண்டாம்” என்றார் பங்குத்தந்தை. “ஆனா அந்த மன்னிப்பு சூசையோட காலை ஒட்டவைக்காது.”

“நீங்க சொல்லலாமே, ஃபாதர்?”

“இங்க கேட்டதை நான் வெளியே சொல்ல முடியாது. உங்களுக்கு அந்தத் தடை இல்ல.”

மறுநாள் பூசை முடிந்து அறிவிப்புகள் வாசிக்கப்பட்டன. கடைசியாக உபதேசியார் ஒரு தாளை எடுத்தார். சூசைமாணிக்கத்தின் சுகத்துக்காக அவர் வீட்டுப் பாதுகாவலியை எல்லோரும் சேர்ந்து மன்றாட வேண்டும் என்று அந்தோணிமேரி எழுதிக் கொடுத்திருந்தாள். அவள் முதல் வரிசையில், சீட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு முழந்தாளிட்டிருந்தாள். அன்று மாலை சேலத்திலிருந்து புறப்படும் ரயிலில் செங்கோடன் தனியே திரும்பிப் போகவிருந்தான்.

“புனித ஒர்லீனாவே” என்றார் உபதேசியார்.

“எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்றது கோயில்.

அறுபத்திரண்டு குடும்பங்களின் குரல். தறி ஓட்டுகிறவர்கள், வண்டி ஓட்டுகிறவர்கள், அவளிடம் படித்த பிள்ளைகள். பழக்கத்தால் சோபியாவின் வாயும் திறந்தது. திறந்த வாய் அந்தச் சொல்லைச் சொல்லாமல் நின்றது.

“புனித ஒர்லீனாவே.”

அவள் எழுந்து நடுப்பாதையில் நடந்தாள். மன்றாட்டு ஒவ்வொரு வரிசையாகத் தேய்ந்து நின்றது. முதல் வரிசைக்கு வந்து, அந்தோணிமேரியின் அருகில் தரையில் உட்கார்ந்தாள்.

“டீச்சர், எந்திரிங்க, எல்லாரும் பாக்கறாங்க” என்று யாரோ தாழ்ந்த குரலில் சொன்னார்கள். அவள் எதற்கு வந்திருக்கிறாள் என்று அந்தக் குரலுக்குப் புரிந்திருக்க வேண்டும்; அதில் மிரட்டலும் கெஞ்சலும் இருந்தன.

சோபியா இடக்கையை நீட்டி அந்தச் சீட்டின் மேல் வைத்தாள். கோயிலின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி, வகுப்பில் பேசும் குரலில் சொன்னாள்:

“இதை எழுதினது நான், மேரியக்கா. எட்டு வருசமா எல்லாச் சீட்டையும் இந்தக் கையாலதான் எழுதறேன். மத்தவங்க எல்லாரும் நிசமாவே இருந்தவங்க. இவங்க மட்டும் இல்ல. ஒரு சீட்டு கொறஞ்சுது, நானா இட்டுக்கட்டினேன். ஒம்போது மாசமும் நான் இட்டுக்கட்டினதுதான். உங்க வீட்டுக்காரரை இப்பவே கூப்பிடுங்க.”