மணியடித்துக் கூப்பிட்ட பெயர்கள்

மரியம்மாவுக்கு வயிற்றெரிச்சல். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல என்ன இருக்கிறது? பிழைக்க வந்த வெளிநாட்டு நகரத்தில், டவுன்டவுன் ஹோட்டல் ஒன்றின் லாண்டரியில் அவளுக்கு எதிரே நின்று படுக்கை விரிப்பு மடிக்கிறவள் ஒத்தீலியா. அந்தச் செப்டம்பரில் ஒருநாள் பச்சை, வெள்ளை, சிவப்பு என்று தலையில் ரிப்பன் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தாள். மெக்சிக்கோவுக்குச் சுதந்திர தினம் வருகிறதாம். சூப்பர்வைசர் அதைக் கண்டு கைதட்டிச் சிரித்தான். லஞ்ச் ரூமில் அவள் கடதாசிக் கொடி தொங்கவிட்டபோது ஏணியைக்கூடப் பிடித்துக் கொடுத்தான்.

வைகாசியில் இதே மரியம்மா ஒரு துண்டுக் கறுப்புத் துணியைச் சட்டையில் குத்திக்கொண்டு போனபோது, "இங்கே அரசியல் வேண்டாம், கழற்று" என்றவனும் இவன்தான். நாசமறுப்பான்! வன்னியில் சண்டை முடிந்த கிழமை அது. முள்ளிவாய்க்கால் பக்கம் சனத்தோடு சனமாக நின்ற அவளுடைய தம்பி அன்புராசாவைப் பற்றிய தகவலும் அதோடு நின்றுபோனது. சித்திரையில் யாருடையதோ போனிலிருந்து, "அக்கா, பிறகு எடுக்கிறன்" என்றவன் பிறகு எடுக்கவேயில்லை. முகாம்களில் இருந்தவர்களிடம் ஆள் விட்டுக் கேட்டாயிற்று. அவனைக் கண்டவரும் இல்லை, செத்ததைப் பார்த்தவரும் இல்லை.

புருசன் அமிர்தநாதர் நல்ல மனிசன்தான். ஆனால் எந்த விசயத்தையும் ஒரு முடிவுக்குக் கொண்டுவராவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. மைத்துனனின் ஆத்துமாவுக்குத் தமிழ்க் கத்தோலிக்கக் கோயிலில் ஒரு பூசை கொடுத்துவிட வேண்டும் என்று ஆவணி முழுக்க அரித்தெடுத்தார்.

"இஞ்சேரும், பாதர் திகதி கேக்கிறார். அவன்ர ஆத்துமா அலையக்கூடாதெல்லே."

"வாயைக் கழுவுங்கோ! அவன் செத்ததை நீங்கள் கண்டனீங்களோ?"

"அப்ப இருக்கிறான் எண்டு நீர் கண்டனீரோ?"

அன்றைக்குக் குசினியில் சட்டி பானைகள்தான் பதில் சொல்லின.

இந்த நிலைமையில்தான் ஒத்தீலியா ஞாயிற்றுக்கிழமை விழாவுக்கு வரச்சொல்லிக் கேட்டாள். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சித்திரை, வைகாசியில் சண்டையை நிறுத்தச் சொல்லி மரியம்மா சனத்தோடு றோட்டில் போய்க் குந்தியிருந்த நாட்களில், அவளுடைய ஷிப்டையும் சேர்த்து ஓடி ஓடிப் பார்த்தவள் ஒத்தீலியா. விரிப்பின் இரண்டு முனையைப் பிடிக்க ஆளில்லாமல் மேசையில் போட்டுத் தனியே மடித்தவள்.

போனால், அங்கே எரிகிற வயிற்றில் இன்னும் எண்ணெய். விழாவுக்கென்று போலீஸ்காரரே றோட்டை மூடிக் கொடுத்திருந்தார்கள். ஒரு போலீஸ்காரன் மிளகாய்த்தூள் தூவிய சோளப்பொத்தியைக் கடித்துக்கொண்டு பாட்டுக்குத் தலையாட்டினான். மரியம்மா வாய்க்குள் முணுமுணுத்தாள். 'நாங்கள் றோட்டிலை இருக்கேக்கை மூஞ்சையை நீட்டிக்கொண்டு நிண்டவங்கள், உவையளுக்கு எப்பிடி இளிக்கிறாங்கள் பார்!' பூப்போட்ட பாவாடைகள் சுழன்றன. கொடி பிடித்த பிள்ளைகளைப் பார்த்து வழியில் போகிறவர்கள் கையசைத்தார்கள். கொடி பிடித்தால் ஏனென்று கேட்பாரில்லாத சனம். கொடுத்து வைத்ததுகள்.

மெக்சிக்கோவில் மணியடிக்கிற சடங்கை இரவில்தான் செய்வார்களாம். இங்கே பெர்மிட் பின்னேரத்தோடு முடிகிறபடியால் வெயிலிலேயே தொடங்கினார்கள். கோட் போட்ட ஒருவர் மேடையில் ஏறி மணியை அடித்தார். ஒரு பெயரைக் கூப்பிட்டார். சனம் முழுக்க "விவா!" என்றது. அடுத்த பெயர். "விவா!"

மணி அடித்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு எல்லாரும் பதில் சொல்கிறது மரியம்மாவுக்குத் தெரிந்து செத்தவர்களுக்கான பூசையில்தான். சட்டென்று தலையில் சால்வையைப் போட்டுச் சிலுவை அடையாளம் வரைந்தாள். ஒவ்வொரு பெயருக்கும், "நித்திய இளைப்பாற்றியை இவருக்கு அளித்தருளும் ஆண்டவரே" என்று சொல்லத் தொடங்கினாள். கண்ணீரும் வந்துவிட்டது. சுற்றிவர விசிலடிக்கிறார்கள், இவள் நடுவில் நின்று செபிக்கிறாள்.

ஒத்தீலியா திகைத்துப்போய்த் தோளைப் பிடித்தாள். இருவருக்கும் பொதுவான ஓட்டை இங்கிலீசில்தான் பேச்சு.

"என்ன செய்கிறாய் மரியா?"

"செத்த ஆக்களெல்லோ? எப்ப செத்தவை? உங்கட சொந்தக்காரரோ?"

ஒத்தீலியா விழுந்து விழுந்து சிரித்தாள். "அவர்கள் செத்து இருநூறு வருசம்!"

"விவா எண்டால் என்ன?"

"வாழட்டும் என்று."

"இருநூறு வருசத்துக்கு முந்திச் செத்தவையையோ?"

"அப்படித்தான் கத்துகிறது" என்று ஒத்தீலியா தோளைக் குலுக்கினாள்.

மரியம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எலும்பும் மிஞ்சாதவர்களுக்கு இத்தனை தொண்டைகள்! என்ர தம்பிக்கு ஒரு தொண்டை இல்லை. அவனுக்கு இருக்கிற ஒரேயொரு மச்சான், என்ர மனிசன், அவனைப் புதைக்கத் திகதி பார்க்கிறான்.

மேடைக்காரர் முடித்ததும் சனம் தன்பாட்டில் தொடங்கியது. ஒத்தீலியா தன் ஊரைக் கூப்பிட்டாள்; "விவா!" எல்சல்வடோர்க்காரன் ஒருவன் தன் நாட்டைக் கூப்பிட்டான். குவாத்தமாலாக்காரி ஒருத்தியும் விடவில்லை. யார் எதைக் கூப்பிட்டாலும், என்ன ஏதென்று கேளாமல் பதில் வந்தது.

மரியம்மா சால்வையை இழுத்து எறிந்தாள்.

"விவா அன்புராசா!"

அவளுடைய குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. முன்னால் நின்ற கிழவர் ஒருவர் திரும்பியும் பார்க்காமல் தொப்பியைத் தூக்கினார். "விவா!" என்றது சனம். சோளப்பொத்திப் போலீஸ்காரனும் சேர்ந்து கத்தினான்.

"யார் அது? பெரிய வீரனா?" என்று ஒத்தீலியா கேட்டாள்.

"இல்லை. சைக்கிள் கடை வைச்சிருந்தவன். என்ர தம்பி."

ஒத்தீலியா பிறகு சிரிக்கவில்லை. அந்தப் பெயரைத் தன் வாயில் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் வாயில் குவித்து, மரியம்மாவைவிடப் பலமாகக் கூப்பிட்டாள். மறுபடியும் பதில் வந்தது.

வீட்டுக்கு வந்தபோது அமிர்தநாதர் கலண்டருக்கு முன்னால் நின்றார்.

"பாதருக்கு வாற சனி வசதியாம். என்ன சொல்லுறீர்?"

"குடுங்கோ. ஆனால் உயிரோடை இருக்கிற ஆளுக்கெண்டு குடுங்கோ. அவன் வாழோணும் எண்டு டவுன்டவுன் முழுக்கக் கத்தினது, நீங்கள் ஒரு ஆள் தனிய நிண்டு அவனைச் சாகடிக்கிறியள்."

"ஆர் கத்தினது?"

"தெரியாத சனம். நல்லாக் கத்தினவை."

அமிர்தநாதர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். தொண்டை கட்டிப்போயிருந்ததையும் கவனித்தார். இந்தமுறை அவர் வாதாடவில்லை.

"அப்ப பெயருக்கு முன்னாலை 'காலஞ்சென்ற' எண்டு போடாமல் என்ன போடச் சொல்லுறது?"

"ஒண்டும் வேண்டாம். அன்புராசா எண்டு மட்டும் வாசிக்கச் சொல்லுங்கோ" என்றாள் மரியம்மா. "சத்தமா வாசிக்கச் சொல்லுங்கோ."