இருபத்தொன்றாம் அத்தியாயம்

போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கும் வேலை ஜெபஷீலாவுக்கு. மதியம் சாப்பிட்டு முடித்ததும் கிடைக்கும் கால் மணி நேரத்தில், கைபேசியில் வாரம் மூன்று நாள் வெளிவரும் ஒரு காதல் தொடரை அவள் சத்தமாக வாசிப்பாள். கூட வேலை பார்க்கும் சொர்ணலதாவும் அன்னத்தாயும் கேட்பார்கள். ஞாயிறுதோறும் சபையில் வேதபாடம் வாசித்துப் பழகிய குரல் அவளுக்கு. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே இழுக்க வேண்டும் என்பது தெரியும்.

எழுதியவர் யாரென்று தெரியாது. ஆனால் கதாநாயகி யாழினி வேலை முடிந்து வந்து, வீட்டுக்குள் போக மனமில்லாமல் இரண்டு நிமிடம் வாசற்படியிலேயே உட்கார்ந்திருப்பதை அவர் எழுதியிருந்தார். தன்னை எங்கோ பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறார் என்று ஜெபஷீலாவுக்குத் தோன்றியது. அன்றிலிருந்து அவளுக்கு அந்தத் தொடர் மீது ஒரு பிரியம்.

அவள் எப்போதும் காலையில் பேருந்தில் தனியாக ஒருமுறை வாசித்துக்கொள்வாள். இருபத்தொன்றாம் அத்தியாயத்தையும் அப்படித்தான் வாசித்தாள். யாழினி தன்னை ஏமாற்றிவிட்டதாக நினைத்த கதாநாயகன் விக்ராந்த், உறவினர் கூடியிருந்த மண்டபத்தில் அவள் கையை முறுக்கிப் பிடித்துத் தாலியைக் கட்டிவிடுகிறான். கீழே நூற்றுக்கணக்கானவர்கள் இதயப் படம் போட்டிருந்தார்கள். ஜெபஷீலா கைபேசியை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

மதியம் அவள் அதை வாசிக்கவில்லை. கைபேசியைப் பார்த்துக்கொண்டே, பதிவு அலுவலகத்தில் யாழினி சிரித்தபடி கையெழுத்துப் போட்டதாகச் சொல்லிவிட்டாள்.

"ஆத்தாடி, ஒரு வழியா முடிஞ்சிருச்சு!" என்று சொர்ணலதா கை தட்டினாள்.

சிக்கல் அடுத்த அத்தியாயத்தில் வந்தது. யாழினி விக்ராந்தின் முகத்தைப் பார்க்க மறுக்கிறாள், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளுகிறாள். ஜெபஷீலா எவ்வளவோ மாற்றிப் பார்த்தாள்.

"சம்மதிச்சுக் கட்டிக்கிட்டவ எதுக்கு இப்பிடி மூஞ்சியத் திருப்புறா?" என்றாள் சொர்ணலதா.

ஜெபஷீலா கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். "நாந்தேன் மாத்திச் சொன்னேன்" என்று நடந்ததைச் சொன்னாள்.

"நல்லவேளை வாசிக்கல. இவனெல்லாம் ஒரு ஆளா? விட்டுத்தள்ளு, வேற கதை பாப்போம்" என்றாள் சொர்ணலதா.

அன்னத்தாய் மட்டும், "எழுதியிருக்கறத அப்படியே வாசி ஷீலா" என்றாள்.

"வேணாங்க்கா."

"வாசிங்கிறேன்ல."

ஜெபஷீலா வாசித்தாள். எந்த இடத்திலும் இழுக்காமல், கூட்டாமல், வேகமாக வாசித்து முடித்தாள். அன்னத்தாய் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்கு இப்பிடித்தேன் நடந்துச்சு" என்றாள். "அத்தை ஊருப் பொங்கலுக்குப் போயிருந்தேன். கூட்டத்துல எங்க வீட்டுக்காரக பின்னால வந்து, கையப் பிடிச்சு முறுக்கித் தாலியக் கட்டிட்டாக. எனக்குப் பத்தொம்பது வயசு. பெரியாளுக எல்லாம் ஒண்ணுகூடி, அத்தை மகன்தேன, இனி என்ன செய்யிறதுன்னு சொல்லி அங்கனயே விட்டுட்டு வந்துட்டாக."

எட்டு வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்து காய் பொறுக்குகிறவள். அவள் கணவர் முத்துவீரன் மழை நாளில் குடையோடு கடை வாசலில் வந்து நிற்பதை மற்ற இருவரும் பார்த்திருக்கிறார்கள்.

"பெறகு அவென் என்ன செஞ்சான்? மன்னிப்புக் கேக்குறானா?" என்று அன்னத்தாய் கேட்டாள்.

அது அடுத்த வாரம் வந்தது. விக்ராந்த் யாழினியின் முன்னால் உட்கார்ந்து, தான் செய்ததை ஒன்றுவிடாமல் சொல்லி மன்னிப்புக் கேட்கிறான். அடுத்த வரியிலேயே யாழினி அவன் தோளில் சாய்ந்துவிடுகிறாள். ஜெபஷீலாவுக்கு ஆத்திரமாக வந்தது.

"ஒரே வரியில மன்னிச்சிட்டாளே! இதுக்கு எதுக்கு இவ்வளவு எழுதணும்?"

"அவ சாஞ்சது எனக்கும் ஒட்டல" என்றாள் அன்னத்தாய். "அவென் கேட்டத மட்டும் இன்னொருக்கா வாசி."

ஜெபஷீலா வாசித்தாள். மூன்றாம் முறையும் வாசித்தாள்.

அன்று மாலை பேருந்தில் அவள் தொடரின் கீழே கருத்து எழுதினாள்: 'இருபத்தொன்றாம் அத்தியாயத்தை நீங்கள் எழுதியிருக்க வேண்டாம் என்று நினைத்தேன். என் தோழிக்கு இருபத்தாறு வருடமாகக் கிடைக்காத ஒன்றை இருபத்தைந்தாவதில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள்மேல் கோபமா, நன்றியா என்று எனக்கே தெரியவில்லை.' எழுதியவர் எல்லோருக்கும் அனுப்பும் இதயத்தையே அவளுக்கும் அனுப்பினார்.

மறுநாள் அன்னத்தாய் தன் கைபேசியை நீட்டினாள். "அந்த மன்னிப்புக் கேக்குற எடத்த மட்டும் இவுக வாட்ஸப்புக்கு அனுப்பிவிடு."

"அவுக கோவிச்சுக்கிட்டா?"

"கோவிச்சுக்கிறட்டும்."

ஜெபஷீலா அந்தப் பத்தியைப் படம் பிடித்து அனுப்பினாள். சற்று நேரத்தில் இரண்டு கோடும் நீலமானது. பதில் வரவில்லை.  மூன்றாம் நாள் சாப்பிடும்போது அன்னத்தாயாகவே ஆரம்பித்தாள்.

"நேத்துச் சாயங்காலம், எதுக்கு அதை அனுப்புனேன்னு கேட்டாக. வாசிச்சீகளான்னேன். 'ம்'னாக. 'அன்னைக்கு உனக்குக் கை வலிச்சதா'ன்னு கேட்டாக."

"நீங்க என்ன சொன்னீக?"

"வலிச்சதுன்னேன். அம்புட்டுத்தேன். எந்திரிச்சு வெளிய போயிட்டாக."

அது போதாது என்று ஜெபஷீலாவுக்குப் பட்டது. சொல்ல வாயெடுத்தாள். அன்னத்தாய் அவசரமில்லாமல், தட்டில் இருந்த குழம்புச் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஜெபஷீலா தன் டப்பாவிலிருந்த மீனில் ஒரு துண்டை எடுத்து அவள் தட்டில் வைத்தாள்.