இருபத்தெட்டு மைல்

மலாயா சுதந்திரம் பெற்ற மெர்டேக்காவுக்கு அடுத்த வருடம் குருபோங் ரோட்டில் போலீஸ்காரர்கள் கடிகாரம் பிடிக்க ஆரம்பித்தார்கள். வண்டி தாண்டும்போது ஒருவர் கைக்குட்டையை அசைப்பார். இருநூறு கஜம் தள்ளி மரத்தின் பின்னால் நிற்பவர் கடிகாரம் பார்த்து வேகத்தை நோட்டில் எழுதுவார். மணிக்கு முப்பது மைலைத் தாண்டினால் சம்மன். டிரைவர்கள் அதை வழிப்பறி என்றார்கள். எதிரே வருபவனுக்கு ஜன்னல் வழியே கையை நீட்டி, மெதுவாகப் போ என்று உள்ளங்கையைத் தாழ்த்திக் காட்டிவிடுவார்கள். காட்டாதவனோடு கோப்பிக் கடையில் யாரும் உட்கார மாட்டார்கள்.

டாக்சிக்காரர் கருணாகரனும் அன்று எதிரே வந்த லோரிக்குக் காட்டினார். ஓட்டியவன் தியாகு. கடிகாரத்தைத் தாண்டி அரை மைலில், காஜா பெராங் வளைவில், அந்த லோரி குடையோடு வந்த பாக்கியலட்சுமி என்ற பெண்ணை அடித்துப் போட்டது.

"போலீஸ் நோட்டுலயே இருபத்தெட்டு மைல்னு இருக்குண்ணே," என்றான் தியாகு, கோப்பிக் கடையில். "நீங்க கை காட்டலேன்னா மாட்டியிருப்பேன்."

"தாண்டினதுக்கு அப்புறம்?"

"அப்புறம் எல்லாரும் மிதிக்கிற மாதிரிதான்."

அதிலிருந்து அந்த வளைவில், பட்டப்பகலில், குடையோடு ஒருத்தி சாலையைக் கடக்கக் காத்து நிற்பாள். கருணாகரன் பிரேக்கை மிதிப்பார். ஓரத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். பின்னால் வருகிறவர்கள் திட்டிக்கொண்டே விலகிப் போவார்கள்.

மரண விசாரணைக்குப் போக பாக்கியலட்சுமியின் கணவர் நடராஜன் வந்து கருணாகரனின் டாக்சியைத்தான் கேட்டார். பின் இருக்கையில் ஓரமாக ஒடுங்கி, பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு அமர்ந்தார். கருணாகரன் கண்ணாடியைப் பார்க்காமல் ஓட்டினார்.

"இருபத்தெட்டு மைல்ல வந்த லோரிக்கு ஒதுங்கத் தெரியாதா அவளுக்கு?" என்றார் நடராஜன். "தானா போய் விழுந்தாளோன்னு சொந்தக்காரங்க கேக்குறாங்க. முதல் நாள் எங்களுக்குள்ள சண்டை. நானும் அதையேதான் நெனச்சிட்டிருக்கேன்."

வளைவு வந்தது. கருணாகரன் வண்டியை ஓரங்கட்டினார்.

"நோட்டுல இருக்கிறது இந்த எடத்து வேகம் இல்லைங்க. நான் கை காட்டினேன், அதான் அங்க மெதுவாப் போனான். தாண்டினதும் மிதிச்சிருக்கான். அவனே சொன்னான்."

நடராஜன் முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நகர்ந்தார்.

"இதைக் கோர்ட்ல சொல்வீங்களா?"

"சொன்னா இந்த ஊர்ல ஒரு டிரைவரும் என் மூஞ்சில முழிக்க மாட்டான்."

"நான் கேட்டது அது இல்லே."

கோர்ட் வராந்தாவில் தியாகுவுக்குத் துணையாக ஏழெட்டு டிரைவர்கள் வந்திருந்தார்கள். "வாங்கண்ணே," என்று தியாகு பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டான். கருணாகரன் உட்காராமல் குமாஸ்தாவிடம் போய்த் தன் பெயரைச் சொன்னார்.

"யாருக்காக வந்திருக்கீங்க?"

பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பினார்கள்.

"பாக்கியலட்சுமிக்காக," என்றார்.