ராக்கம்மாள் சொன்ன பேர்

ராக்கம்மாள் சமயநல்லூர்க்காரி. தினமும் அடித்து உதைத்த புருஷனை அரிவாளால் வெட்டிவிட்டு ஆயுள் தண்டனைக்கு வந்தவள். சிறையில் ஆண் கைதிகள் அத்தனை பேருக்கும் வேண்டிய கேப்பை மாவு பெண்கள் பகுதித் திருகைகளிலிருந்துதான் போக வேண்டும். வருஷக்கணக்கில் திரித்து உள்ளங்கை காய்த்துப்போன பிறகு அவளை மேஸ்திரி ஆக்கினார்கள். கைதிகளைக் காவல் காக்கும் கைதி. இடுப்பில் தோல்வார் கட்டலாம், திருகையைத் தொட வேண்டாம், தண்டனைக் காலமும் குறையும். தம்பி வீட்டில் வளரும் மகள் சமைவதற்குள் வெளியே போய்விடலாம் என்று நம்பினாள்.

மாவு சலித்துக் கொட்டும் துணி குறைந்துகொண்டே வந்தது. மாசாமாசம் தூரத்துக்குத் துணி கேட்டால், "கட்டுன சேலையிலயே பாத்துக்க" என்பாள் பெண்கள் பகுதியை நடத்தும் மேட்ரன். நெல் திருடிப் பிடிபட்ட கொட்டாம்பட்டிப் பெண் அன்னக்கொடி, திருகை மறைவில் குனிந்து துணியைக் கிழித்து மடியில் செருகியதை ராக்கம்மாள் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மேட்ரன் ராக்கம்மாளைக் கூப்பிட்டாள்.

"பொழுது சாயறதுக்குள்ள ஒரு பேரு வேணும். இல்லாட்டி அம்புட்டுப் பேரையும் சேலைய உருவிச் சோதிப்பேன். ஒன் வாரையும் அவுத்துருவேன்."

ராக்கம்மாள் முற்றத்தைப் பார்த்தாள். மதுரை டவுனிலிருந்து வந்த வயசாளி மைதீன் பீவி முறத்தோடு உட்கார்ந்திருந்தார். சீக்கிரம் விடுதலையாகிறவர். வெளியே போகிறவரை என்ன செய்துவிடப் போகிறார்கள்?

"மைதீன் பீவி" என்றாள்.

பீவியைத் தனிக்கொட்டடியில் அடைத்துக் கஞ்சித்தண்ணி மட்டும் கொடுத்தார்கள். அவருக்குக் கிடைத்திருந்த தண்டனைக் கழிவு முழுவதையும் ரத்து செய்தார்கள். விடுதலை தள்ளிப்போனது. காவலுக்கு நின்ற ராக்கம்மாளிடம் கம்பிக்குள்ளிருந்து அவர் கேட்டார்.

"நான் எடுக்கலேன்னு ஒனக்குத் தெரியும்ல ராக்கு? எனக்கு அதெல்லாம் நின்னு எத்தனையோ வருசமாச்சே. அல்லா ஒருத்தனுக்குத்தான் வெளிச்சம்."

சூப்பரிண்டெண்ட் பார்வையிட வந்தபோது ராக்கம்மாள் வரிசையை விட்டு முன்னால் போய் நின்றாள்.

"அவுக எடுக்கல சாமி. நாந்தான் கிழிச்சேன்."

அங்கேயே வாரை அவிழ்த்தார்கள். அவளுடைய கழிவும் போனது. ஆனால் பீவிக்குப் போட்ட உத்தரவு போட்டதுதான். அதை மாற்ற முடியாது என்றார் சூப்பரிண்டெண்ட்.

கொட்டடித் தண்டனை முடிந்து பீவி முற்றத்துக்கு வந்தார். இருமிக்கொண்டே முறத்தில் கேப்பையைப் புடைத்தார்.

ராக்கம்மாளைத் திருகையில் அன்னக்கொடிக்கு எதிரே உட்காரவைத்தார்கள். மற்றப் பெண்கள் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். அன்னக்கொடி மட்டும் தலை நிமிராமல் மெல்லக் கேட்டாள்.

"என்னையப் பாத்தியே, ஏன்க்கா எம்பேரச் சொல்லல?"

"ஒம்பேரச் சொல்ல வாய் வரலத்தா. வயசுப்புள்ள."

"பீவிம்மா பேரு வந்துச்சே?"

"வந்துச்சு. சுளுவா வந்துருச்சு. அதத்தான் என்னால தாங்க முடியல."

அன்னக்கொடியின் கண்ணிலிருந்து நீர் இறங்கியது. துடைக்கக் கையெடுத்தால் திருகை நின்றுவிடும். துடைக்கவில்லை.

"அங்க என்னடி பேச்சு?" புது மேஸ்திரி பாண்டியம்மாளின் குரல் வந்தது. போன வாரம்வரை பக்கத்துத் திருகையில் இருந்தவள்.

இருவரும் வாயை மூடிக்கொண்டு திரித்தார்கள்.